குளிர் அறை மட்டும் போதாது: மக்காச்சோள விதை வங்கிக்குப் பணம் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மெக்சிகோவின் எல் பட்டானில் இருக்கும் மக்காச்சோள விதை வங்கிக்கு நிதி தரும் அரசுகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும், அந்த வரிசையில் நிற்கும் எங்கள் இந்திய அரசின் வேளாண் துறையினருக்கும்,

வணக்கம்.

நான் பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோள விவசாயி வீட்டுப் பிள்ளை. வேளாண்மை படித்த நாட்களில் ஆராய்ச்சி வயல் ஒன்றில் இரண்டு பருவம் மகரந்தச் சேர்க்கை வேலை பார்த்திருக்கிறேன். மெக்சிகோவுக்குப் போனதில்லை. உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் நிலத்தில் நிற்கும் பயிரின் பூர்வீகச் சொத்து நீங்கள் பணம் கொடுத்துக் காக்கும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சொத்து உயிரோடு இருப்பதற்கான வேலையில் பாதி கட்டடத்துக்கு வெளியே, வெயிலில் நடக்கிறது. அந்த வெயில் வேலைக்காகத்தான் இந்த மடல்.

மெக்சிகோ நகரத்திலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தள்ளி, டெக்ஸ்கோகோ ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது எல் பட்டான். 1966-இல் தொடங்கப்பட்ட, சிமிட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச மக்காச்சோளம் கோதுமை மேம்பாட்டு மையம் அங்கேதான் இயங்குகிறது. அதன் விதை வங்கியில் 28,000-க்கு மேற்பட்ட மக்காச்சோள மாதிரிகள் இருக்கின்றன. அடிக்கடி எடுத்துக் கொடுக்க வேண்டிய விதை சுழியத்துக்குச் சற்றுக் கீழான குளிரில் ஒரு அறையிலும், நெடுங்காலத்துக்கான விதை கழித்தல் 18 டிகிரியில் இன்னொரு அறையிலும் இருக்கிறது. நகல்கள் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் களஞ்சியத்துக்கும், நார்வேயின் ஸ்வால்பார்டு பெட்டகத்துக்கும் போகின்றன. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். விதை வங்கி என்றதும் எல்லோரும் காட்டும் படமும் அதுதான்: வெள்ளைச் சுவர், அடுக்கடுக்காய்ப் பெட்டிகள், தடித்த மேல்சட்டை போட்ட ஒருவர்.

அந்தப் படத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன். குளிரில் வைத்த விதை தூங்குகிறது, ஆனால் வயதும் ஆகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி எடுத்து முளைக்க வைத்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் இருந்த முளைப்புத்திறனில் 85 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், அல்லது கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து விதை குறைந்துவிட்டால், அதை மண்ணில் போட்டு, வளர்த்து, புது விதை எடுத்துத் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். மறுபெருக்கம் என்று இதற்குப் பெயர்.

நெல்லுக்கு இது ஓரளவு எளிது. நெல் தன் பூவுக்குள்ளேயே தன் மகரந்தத்தால் கரு கொள்ளும். பக்கத்துப் பாத்தியில் வேறு ரகம் நின்றாலும் பெரிதாகக் கலந்துவிடாது. மக்காச்சோளம் அப்படி இல்லை. உச்சியில் ஆண்பூ, நடுத்தட்டையில் கதிர். கதிரின் நுனியில் வரும் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது. ஒரு தூள் மகரந்தம் அந்த நூலில் விழுந்தால்தான் அந்த மணி உண்டு. அந்தத் தூளோ காற்றில் வருகிறது. யாருடைய வயலிலிருந்து வருகிறது என்று பட்டு நூலுக்குத் தெரியாது. ஆகவே ஒரு பழைய ரகத்தை அதுவாகவே திரும்ப எடுக்க வேண்டுமானால், காற்றின் வேலையைக் கையால் செய்ய வேண்டும்.

எங்கள் ஆராய்ச்சி வயலில் அதைத்தான் செய்தோம். பட்டு நூல் வெளியே எட்டிப் பார்க்கும் முன்பே இளங்கதிருக்குச் சிறிய தாள் உறை மாட்ட வேண்டும். ஒரு நாள் பிந்தினால் அந்தச் செடி போச்சு. முதல்நாள் சாயங்காலம் ஆண்பூவுக்குப் பெரிய உறையைக் கவிழ்த்து, அடியில் மடித்துக் குத்திவிட வேண்டும். மறுநாள் காலையில் பனி உலர்ந்ததும் தட்டையைச் சாய்த்து, உறையைத் தட்டி, விழுந்த மஞ்சள் தூளை இன்னொரு செடியின் கதிருக்கு எடுத்துப் போக வேண்டும். கதிரின் உறையைத் தூக்கி, கொட்டி, அதே நொடியில் மூடி, தேதியைப் பென்சிலால் எழுத வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மகரந்தம் செத்துவிடும். அதனால் காலையில் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். கழுத்தெல்லாம் இலை அறுத்த கீறல் இருக்கும், மூக்கில் மகரந்தம் ஏறியிருக்கும். என்னோடு வேலை செய்த அக்காமார்களின் கை என் கையைவிட மூன்று மடங்கு வேகம். உறை மாட்டும்போது ஒரு நூல்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று அவர்கள்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

விதை வங்கி ஒரே ஒரு மாதிரியை மறுபெருக்கம் செய்ய இப்படிக் குறைந்தது நூறு நல்ல கதிராவது எடுக்கப் பார்க்கிறது. நூறு எதற்கு? பழைய ரகம் என்பது ஒரே அச்சில் வார்த்த செடிகள் அல்ல. ஒரு கிராமத்து மக்களைப் போல, பார்க்க ஒரு சாயல் இருந்தாலும் உள்ளே ஒவ்வொன்றும் வேறு. அதில் ஐம்பதில் ஒரு செடியிடம் மட்டும் இருக்கும் குணம்தான் நாளைக்குத் தேவைப்படும் குணமாக இருக்கலாம். ஆள் பற்றாமல், பணம் பற்றாமல், பத்துக் கதிரோடு அறுவடையை முடித்துவிட்டால் அந்தக் குணம் அங்கேயே நின்றுவிடும். வங்கிப் பதிவேட்டில் எண் அப்படியே இருக்கும். பெட்டியும் அப்படியே இருக்கும். உள்ளே இருந்ததில் ஒரு பகுதி போயிருக்கும். யாருக்கும் தெரியவும் தெரியாது. என்னைப் பயமுறுத்துவது இந்தச் சத்தமில்லாத இழப்புதான்.

இதோடு நிலம் என்ற தடங்கலும் உண்டு. எல் பட்டான் 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் மேட்டு நிலம். வெப்பக்காட்டுத் தாழ்நிலத்து ரகம் அங்கே குளிரில் விறைத்துப்போகும். அதற்காகத்தான் மோரெலோஸ் மாநிலத்துத் த்லால்டிசபானிலும், பியூப்லா மாநிலத்து அகுவா ஃபிரியாவிலும் தனி வயல்கள் வைத்திருக்கிறார்கள். அப்படியும் ஆண்டீஸ் மலைத்தொடரின் உயரத்து ரகங்கள் மெக்சிகோவில் ஒழுங்காகக் கதிர் பிடிப்பதில்லை. அவற்றைப் பெருவிலும் பொலிவியாவிலும் ஈக்வடாரிலும், அவை பிறந்த உயரத்திலேயே விதைத்து எடுப்பதுதான் சரி. 1990-களில் லத்தீன் அமெரிக்காவின் தேசிய விதை வங்கிகள் பலவற்றில் பழைய மாதிரிகள் முளைப்புத்திறன் இழந்துகொண்டிருந்தபோது, பத்துக்கு மேற்பட்ட நாடுகள் கைகோத்து, அந்தந்த நாட்டு வயலிலேயே ஆயிரக்கணக்கான மாதிரிகளை மறுபடி விதைத்து மீட்டன. அந்த வேலை நடந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்று மீட்ட விதைக்கும் இப்போது வயதாகிக்கொண்டிருக்கிறது.

இப்போது எனக்கு இதில் என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

2018-இல் கர்நாடகத்தில் முதன்முதலாகப் படைப்புழு தென்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது எங்கள் வயலுக்கும் வந்துவிட்டது. குருத்தைப் பிரித்துப் பார்த்தால் ஈர மரத்தூள் போல எச்சம், அதற்குள் தலையில் தலைகீழான ஒய் எழுத்துக் கோடு போட்ட புழு. இலையெல்லாம் சல்லடை. என் அப்பா குருத்து குருத்தாக மணல் போட்டுப் பார்த்தார். பக்கத்துக் காட்டுக்காரர் மூன்றுமுறை மருந்தடித்தார். வாங்கிய விதை எந்தப் பையிலிருந்து வந்தாலும் புழுவுக்கு எல்லாம் ஒன்றாகவே இருந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி ஆப்பிரிக்கா வழியாக வந்த புழு அது. அதை அதன் சொந்த ஊரில் எதிர்த்து நின்ற மக்காச்சோளமும் உண்டு என்பதைப் பிறகுதான் படித்தேன். கரீபியன் தீவுகளில் ஒன்றான அன்டிகுவாவிலிருந்து சேகரித்த பழைய ரகங்களில் இந்தப் புழுவைத் தாங்கும் குணம் இருந்தது. அந்த வழியிலிருந்துதான் அமெரிக்காவின் மிசிசிப்பியில் புழு தாங்கும் தாய்வரிசைகளை உருவாக்கினார்கள். கென்யாவில் சிமிட் தன் பழைய பூச்சி தாங்கும் வரிசைகளைத் தேடியெடுத்து வேலை செய்து, 2020 டிசம்பரில் படைப்புழுவைத் தாங்கும் மூன்று கலப்பினங்களை ஆப்பிரிக்காவுக்காக அறிவித்தது. யாரோ ஒரு தீவு விவசாயி கைப்பிடி விதையைக் கொடுத்ததும், யாரோ அதை உறை மாட்டி உறை மாட்டி உயிரோடு வைத்திருந்ததும் இல்லையென்றால் இந்தக் கதைக்கு ஆரம்பமே இல்லை.

ஒன்றுபோல இருப்பதன் ஆபத்தை அமெரிக்கா 1970-இல் நேரில் பார்த்தது. கலப்பின விதை எடுக்க வேண்டுமானால் தாய்ச் செடிகளின் ஆண்பூவை எல்லாம் கையால் பிடுங்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு கோடையிலும் ஏராளமான ஆட்கள் வேண்டும். அந்தக் கூலியை மிச்சப்படுத்த, ஆண்பூ மலடாகிப்போகும் ஒரு தாய்வழிக் குணத்தைப் பயன்படுத்தினார்கள். டெக்சாஸ் வகை என்று அதற்குப் பெயர். அந்த ஆண்டு அமெரிக்க மக்காச்சோளத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த ஒரே தாய்வழி. இலைக்கருகல் பூஞ்சையின் புதிய வகை ஒன்று அந்தத் தாய்வழியை மட்டும் தேடிப்பிடித்துத் தாக்கியது. தெற்கே தொடங்கி வடக்கே ஏறி, நாட்டு விளைச்சலில் ஏறக்குறைய 15 விழுக்காட்டைத் தின்றுவிட்டது. ஆண்பூ பிடுங்கியவன் என்ற முறையில் எனக்கு இந்தச் செய்தி எப்போதும் உறுத்தும். நாங்கள் அலுத்துக்கொண்டு செய்த வேலையைத் தவிர்க்கப்போய் வந்த வினை அது.

சரி, பழைய ரகங்களில் புழுவையும் பூஞ்சையையும் தாங்குவதைத் தாண்டி வேறு என்ன இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த ஒன்று ஒஹாக்கா மாநிலத்தின் சியேரா மிஹே மலையில் இருக்கிறது. அங்கே மிஹே மக்கள் விளைவிக்கும் ஒரு மக்காச்சோளம் ஐந்து மீட்டர்வரை வளரும். தட்டையில் கணுக்கணுவாக, விரல் பருமனில் காற்றுவேர்கள் தொங்கும். மழைக்குப் பின் அந்த வேர்களிலிருந்து கொழகொழவென்று பசை சொட்டும். அந்தப் பசையில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. செடிக்கு வேண்டிய நைட்ரஜனில் 29 முதல் 82 விழுக்காடுவரை இப்படிக் காற்றிலிருந்து வருவதாக 2018-இல் ஆய்வு முடிவு வெளியானது. உரம் எட்டிப் பார்க்காத சரிவில் தலைமுறை தலைமுறையாக எப்படி விளைந்தது என்பதற்கு அது பதில். யூரியா மூட்டைக்கு வரிசையில் நின்ற எந்த விவசாயியும் இதைப் படித்தால் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஆய்வாளர்கள் அந்த ஊரோடு பலன் பகிர்வு ஒப்பந்தமும் போட்டார்கள். அது போதுமா, நியாயமா என்ற விவாதம் உண்டு, இருக்கவும் வேண்டும். விதையைக் கொடுத்தவர்களின் பெயரும் பங்கும் காகிதத்தில் ஏறுவது இப்போதாவது தொடங்கியிருக்கிறதே என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் முன்பு அப்படி இல்லை. 1940-களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் மெக்சிகோ அரசும் சேர்ந்து சேகரிப்பைத் தொடங்கின. எஃப்ராயிம் எர்னாண்டஸ் சோலோகோட்சி போன்றவர்கள் கழுதைப் பாதைகளில் ஊர் ஊராக நடந்து கதிர் சேர்த்தார்கள். 1951-இல் வந்த பட்டியலில் மெக்சிகோவின் மக்காச்சோளத்தை 25 இனங்களாக வகைப்படுத்தினார்கள். இன்று 59 இனங்கள் என்கிறார்கள். அந்தக் கதிர்களைக் கொடுத்த பெண்களின், ஆண்களின் பெயர்கள் எத்தனை பதிவாயின?

மோரெலோஸ் மாநிலத்தில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1966, 67 ஆண்டுகளில் அங்கே விவசாயிக் குடும்பங்களிடமிருந்து விதை சேகரித்து வங்கியில் வைத்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு அதே குடும்பங்களைத் தேடிப் போனார்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த விதை இல்லை. விதை வைத்திருந்த தாத்தா இறந்துபோனார், பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள், நிலம் வீட்டுமனை ஆனது, வேறு பயிர் வந்தது. நம் ஊரில் நாட்டுச் சோளம் போன கதையை அப்படியே எழுதிக்கொள்ளலாம். ஆனால் எல் பட்டானில் அந்த விதை இருந்தது. வேண்டுமென்றவர்களுக்கு அவர்களின் தாத்தாவுடைய மக்காச்சோளத்தையே திரும்பக் கொடுத்தார்கள். விதை வங்கி எதற்கு என்று யாராவது கேட்டால் நான் சொல்ல விரும்பும் கதை இதுதான். அப்புறம் இன்னொன்றும் சேர்த்துச் சொல்வேன்: அந்த ஐம்பது ஆண்டும் வெளியே வளர்ந்திருந்தால் அந்த விதை மாறிய மழையையும் புதிய பூச்சியையும் பார்த்துப் பழகியிருக்கும். பெட்டிக்குள் இருந்ததால் அது 1967-இலேயே நின்றுவிட்டது. வங்கியும் வேண்டும், வயலும் வேண்டும்.

இனி காட்டு உறவுகளுக்கு வருகிறேன். உங்கள் கவனத்தை நான் அதிகம் கேட்பது இங்கேதான்.

மக்காச்சோளத்தின் மூதாதை டியோசின்டே என்ற புல். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் தெய்வக் கதிர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். அதன் கதிர் விரல் நீளம்கூட இருக்காது. அதில் ஐந்திலிருந்து பன்னிரண்டு மணிகள், ஒவ்வொன்றும் கல் போன்ற ஓட்டுக்குள். முற்றியதும் தானே உதிர்ந்துவிடும். ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன் தென்மேற்கு மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மக்கள் இந்தப் புல்லைப் பொறுக்கிப் பொறுக்கி, ஓட்டைக் கழற்றி, உதிராமல் செய்து, மக்காச்சோளமாக்கினார்கள். குரேரோ மாநிலத்துப் பாறை ஒதுக்கு ஒன்றில் 8,700 ஆண்டு பழைய அரைக்கல்லில் மக்காச்சோள மாவின் துகள்கள் கிடைத்திருக்கின்றன. பிறகு மலை ஏறியபோது, அங்கே இருந்த இன்னொரு டியோசின்டேயோடு கலந்து குளிரைத் தாங்கக் கற்றுக்கொண்டது. இன்றும் மெக்சிகோ நகரத்தை அடுத்த சால்கோ சமவெளியில் மக்காச்சோளக் காட்டுக்குள் அந்தக் காட்டுப் புல், பயிரைப் போலவே வேடமிட்டு, விவசாயியின் களைக்கொத்துக்குத் தப்பி நிற்கிறது. நகரமோ ஆண்டுக்கு ஆண்டு அந்தச் சமவெளியைத் தின்றுகொண்டு வருகிறது.

இந்தக் குடும்பத்தில் ஒரு செடி கிடைத்த கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஸியா பெரென்னிஸ் என்ற பல்லாண்டு டியோசின்டே காட்டில் அழிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். விஸ்கான்சின் தாவரவியலாளர் ஹியூ இல்டிஸ் அதன் படம் போட்ட புத்தாண்டு வாழ்த்து அட்டையை நண்பர்களுக்கு அனுப்பினார். குவாதலஹாரா பல்கலைக்கழகப் பேராசிரியை லூஸ் மரியா வியாரியால் தே புகா அதைத் தன் மாணவர்களிடம் காட்டி, போய்த் தேடுங்கள் என்றார். ரஃபேல் குஸ்மான் என்ற மாணவர் போனார். பெரென்னிஸைக் கண்டுபிடித்தார். அதோடு நிற்காமல் ஹலிஸ்கோ மாநிலத்து மனன்ட்லான் மலைத்தொடரில் இன்னொரு பல்லாண்டுச் செடியின் விதையையும் எடுத்து அனுப்பினார். விஸ்கான்சினில் முளைக்க வைத்துப் பார்த்தால், பெரென்னிஸுக்கு இருப்பது போல 40 குரோமோசோம் இல்லை, 20. மக்காச்சோளத்துக்கும் 20 தான். அதாவது ஆண்டுதோறும் வேரிலிருந்து துளிர்க்கும், மக்காச்சோளத்தோடு எளிதில் கலக்கும், பல வைரஸ் நோய்களைத் தாங்கும் ஒரு புதிய இனம். 1979-இல் டிப்ளோபெரென்னிஸ் என்று பெயரிட்டு அறிவித்தார்கள். 1987-இல் அந்த மலைத்தொடரில் ஏறக்குறைய 1,40,000 ஹெக்டேர் உயிர்க்கோளக் காப்பகமானது. ஒரு வாழ்த்து அட்டையும் ஒரு மாணவனின் கால்களும் இல்லாவிட்டால், அந்தச் செடி மாட்டுத் தீவனமாகவே பெயரில்லாமல் இருந்திருக்கும்.

காப்பகம் என்றதும் வேலி போடத் தோன்றும். இந்தச் செடிக்கு அது கூடாது. டிப்ளோபெரென்னிஸ் திறந்த வெளிகளில், மக்காச்சோளம் போட்டு விட்ட நிலத்தில், மாடு மேயும் இடத்தில்தான் செழிக்கிறது. மனிதர்கள் உழுவதை நிறுத்தினால் காடு திரும்பி வந்து, நிழல் விழுந்து, அது மெல்லச் செத்துப்போகிறது. ஆகவே அதைக் காப்பாற்றுவது என்றால் குசலாபா போன்ற ஊர்களின் மக்கள் அங்கேயே, அதே விவசாயத்தில் நீடித்து வாழ முடிவதுதான். உங்கள் பணம் ஒரு பங்கு அந்த மக்களின் கைக்குப் போகாமல் இந்தச் செடியைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

நிகராகுவாவின் அப்பாகுங்காவில் இன்னொரு டியோசின்டே தண்ணீர் தேங்கிய நிலத்தில் வளர்கிறது. வேரில் காற்றறைகள் அமைத்துக்கொண்டு வெள்ளத்தில் மூச்சு விடும் செடி அது. 2000-இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது. வடகிழக்குப் பருவமழையில் காட்டில் தண்ணீர் நின்று, மூன்று நாளில் மக்காச்சோளம் மஞ்சளாகி விழுவதை ஆண்டுதோறும் பார்க்கும் எங்களுக்கு அதன் அருமை சொல்லாமலே புரியும்.

இப்படிப்பட்ட உறவுகளின் மாதிரிகள் எல் பட்டானில் சில நூறுதான். மறுபெருக்கத்திலும் இவை மிகக் கடினமானவை. நாள் சுருங்கினால்தான் பூக்கும், மணி முற்றும்போதே உதிரும் என்பதால் கதிர் ஒவ்வொன்றுக்கும் உறை வேண்டும். பக்கத்தில் எங்கேயாவது மக்காச்சோளம் நின்றால் காற்று கலந்துவிடும். இதற்கு மேல் சட்டச் சிக்கலும் சேர்ந்தது. உணவுப் பயிர்களின் மரபு வளம் குறித்து உலக நாடுகள் 2001-இல் ஏற்று, 2004-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில், எளிதாகப் பகிர வேண்டிய பயிர்களின் பட்டியலில் மக்காச்சோளத்தைச் சேர்த்தார்கள். சேர்த்த அதே வரியில் பெரென்னிஸ், டிப்ளோபெரென்னிஸ், லக்சூரியன்ஸ் என்ற மூன்று டியோசின்டே இனங்களையும் பெயர் சொல்லி விலக்கினார்கள். பட்டியலை விரிப்பது பற்றிய பேச்சு 2013-இல் தொடங்கியது. 2022-இல் புது டெல்லியில் கூடியும் பேசினார்கள். யாராவது எடுத்துப்போய்க் காப்புரிமை வாங்கிவிடுவார்களோ என்று இந்தச் செடிகள் வளரும் நாடுகள் அஞ்சினால், அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குச் சியேரா மிஹே போல, அதைவிட நல்ல ஒப்பந்தங்களைப் போட்டு வழி காணுங்கள். பட்டியலுக்கு வெளியே இருக்கும் செடிக்குப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வருவதில்லை என்பதே என் வருத்தம்.

பணம் என்று வந்ததால் நேராகவே சொல்லிவிடுகிறேன். 2025-இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே மூடியது. சிமிட்டுக்கு நிதி தந்தவர்களில் அது பெரிய கை. பணம் சுருங்கும்போது முதலில் வெட்டு விழுவது எதில்? குளிரூட்டியின் மின்கட்டணத்தை யாரும் வெட்ட மாட்டார்கள், அறை சூடாகிவிடும், உடனே தெரிந்துவிடும். தள்ளிப்போடுவது வயல் வேலையைத்தான். இந்த ஆண்டு விதைக்க வேண்டிய ஐநூறு மாதிரியை அடுத்த ஆண்டுக்கு என்று தள்ளலாம், யாருக்கும் தெரியாது. தற்காலிக ஆட்களை நிறுத்தலாம். அப்படி நிறுத்தப்படுவது உறை மாட்டத் தெரிந்த கைகள். அவை மறுபடி கிடைக்கப் பல பருவம் ஆகும்.

ஸ்வால்பார்டு இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். 2015-இல் அங்கிருந்து முதன்முதலாக விதை வெளியே எடுத்தது, சிரியாப் போரில் அலெப்போவின் விதை வங்கியைப் பயன்படுத்த முடியாமல் போனவர்கள். எடுத்ததும் என்ன செய்தார்கள்? லெபனானிலும் மொராக்கோவிலும் வயல் பிடித்து விதைத்தார்கள். விளைந்ததில் ஒரு பங்கைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கேயும் காப்பாற்றியது கடைசியில் வயல்தான். பிலிப்பைன்ஸின் தேசிய விதை வங்கியில் 2006-இல் புயல் வெள்ளம் புகுந்தது, 2012-இல் தீ. நகல் இல்லாதவை அங்கேயே போயின.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். மறுபெருக்கத்துக்கென்று தனியே, மூன்றாண்டுத் திட்டமாக இல்லாமல், நிலையான நிதி வையுங்கள். ஆண்டீஸ் ரகத்துக்கு ஆண்டீஸில், தாழ்நில ரகத்துக்குத் தாழ்நிலத்தில் என்று அந்தந்த நாட்டு வங்கிகளுக்கும் அதில் பங்கு கொடுங்கள். டியோசின்டேக்குத் தனிக் கணக்கு வேண்டும், அதில் குசலாபா போன்ற ஊர்களின் விவசாயிகளுக்கு நேரடியாகப் போகும் தொகை எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கள் இந்திய அரசுக்கு ஒரு கூடுதல் வேண்டுகோள்: சிக்கிம் மலையில் ஒரே தட்டையில் ஐந்து, ஆறு கதிர் விடும் பழைய மக்காச்சோளத்தை இன்னும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. எல் பட்டானுக்குப் பணம் அனுப்பும் அதே கையால் அந்த வீடுகளையும் தேடிப் போங்கள்.

அடுத்த நிதிக் கூட்டத்தில் உங்கள் முன்னால் வைக்கப்படும் அறிக்கையில் மொத்தம் எத்தனை மாதிரி என்ற எண் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, அதற்கு மேலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டு எத்தனை மாதிரியை விதைத்தீர்கள்? அவற்றில் எத்தனைக்கு நூறு கதிர் கிடைத்தது?

அன்புடன்,
பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு மக்காச்சோளக் குடும்பத்துப் பிள்ளை